மரத்துக்குத் தோண்டிய குழி

அத்தியாயம் பதினொன்று

ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை. தென்காசியில் விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. குற்றால மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. கோயில் வாசலில் எப்போதும் அடிக்கிற காற்று அன்றைக்குத் தெருவெல்லாம் வந்துவிட்டது.

வள்ளித்தாய்க்கு இரவு முழுவதும் தூக்கமில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தாள். விடிகிற சமயத்தில் கொஞ்சம் அயர்ந்தவள், பின்கட்டில் கேட்ட மண்வெட்டிச் சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

எழுந்திருக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் ஒரு பங்களாத் தோட்டத்தில் முப்பது வருஷம் தோட்டக்காரராக இருந்த சங்கிலிப்பாண்டியின் மகள் அவள். மண்ணைத் தோண்டுகிற சத்தம் வேறு, தள்ளுகிற சத்தம் வேறு. இது தள்ளுகிற சத்தம். யாரோ குழியை மூடுகிறார்கள்.

அந்தக் குழிக்காக இந்த வீட்டில் நடந்த சண்டையை நாம் இரண்டு வாரமாகப் பார்த்து வருகிறோம். பின்கட்டில் கிணற்றுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே ஒரு மரமோ ஒரு செடியோ வைக்க மட்டுமே இடம் உண்டு. அங்கே புங்கை வைக்க வேண்டும் என்றாள் வள்ளித்தாய். சித்திரை வெயிலில் துவைக்கிற கல் அடுப்புப் போலச் சுடுகிறது, குழந்தை உலகம்மைக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி, ஒரு நிழல் இருந்தால் எல்லாருக்கும் ஆகும் என்பது அவள் கட்சி. பூச்செடிதான் வைக்க வேண்டும் என்றாள் அவள் புருஷன் நம்பிராஜனின் அக்காள் ரெங்கம்மாள். புங்கை இலையைக் கொட்டும், பூவைக் கொட்டும், வேர் கிணற்றுக்குள் இறங்கும். பூச்செடி என்றால் காலையில் பறித்து அம்பாளுக்குச் சாத்தலாம் என்பது இவள் கட்சி. ரெங்கம்மாள் பதினாறு வருஷத்துக்கு முன் கடையத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். குழந்தை குட்டி இல்லை. கோயிலும் அடுக்களையும்தான் அவள் உலகம்.

கடைசியில் நம்பிராஜன் பெண்டாட்டி பக்கம் சாய்ந்து, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டி, எருவும் சாம்பலும் போட்டு ஆறவிட்டிருந்தான். வள்ளித்தாய் போன புரட்டாசியில் விதை போட்டு வளர்த்த புங்கங்கன்று கிணற்றடியில் பழைய மண்தொட்டியில் காத்திருந்தது. தொட்டியின் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்துவிட்டது. இந்தச் சாரலில் மண்ணில் இறக்காவிட்டால் அது தங்காது.

இடையில் வந்தது போன வெள்ளிக்கிழமை.

அன்று டாக்டர் மசூது, வள்ளித்தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நம்பிராஜனிடம் தனியாகப் பேசினார். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டது; மருந்து மூச்சிரைப்பைத் தணிக்கும், அவ்வளவுதான்; தை மாதம் தாண்டும் என்று சொல்லத் தமக்குத் தைரியமில்லை என்றார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து இதைச் சரிசெய்கிறார்கள். பிழைத்து வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. போவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே யோசித்துச் சொல்லட்டும் என்று, விவரத்தையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார்.

நம்பிராஜன் புளியறை வரை ஓடும் ஒரு பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, தோல்பையில் டிக்கெட் புத்தகங்களுக்கு அடியில் வைத்தான். எட்டு நாளாக அது அங்கேதான் இருக்கிறது. ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்தபடியே அவள் போய்விட்டால் என்ற நினைப்பு வந்ததும் பையின் வாரை இழுத்துக் கட்டிவிடுவான்.

பொய் சொல்லக் கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். அன்பினால் வாயை மூடிக்கொள்வதும் பொய்யில் சேருமா என்று கேட்டால், நம்மில் பலர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

வள்ளித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள்.

குழியில் முக்கால்வாசி மூடியாகிவிட்டது. மேலே முழங்கையளவு பள்ளத்தில் ஒரு இட்லிப்பூச் செடி நின்றது. நல்ல வளர்ந்த செடி. கொப்புக்குக் கொப்பு சிவப்பு மொட்டு.

நம்பிராஜன் காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டு, செடியின் காலடியில் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பு முன்பே தயார் செய்து வைத்தது போல இருந்தது.

"பூச்செடியே இருக்கட்டும்னு தோணிச்சு வள்ளி. மொட்டப் பாத்தியா, பத்து நாள்ல பூத்திரும். புளியறையில ஒரு வீட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தேன். அங்கன இதத் தெச்சின்னு சொல்லுதாக."

"புங்கை?" என்றாள்.

"அது எப்ப வளந்து எப்ப நெழல் தரப் போவுது? அஞ்சு வருசம் ஆவும்லா."

"ஆவட்டுமே. நாம எங்க போகப் போறோம்?"

யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி அது. போன மாதம் கேட்டிருந்தால் அவனும் சாதாரணமாகப் பதில் சொல்லியிருப்பான். இப்போது சட்டென்று குனிந்து, செடியில் ஏற்கெனவே கட்டியிருந்த வாழைநாரை மறுபடி அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். வெந்நீர் காய்ந்துவிட்டதா என்று கேட்டான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வள்ளித்தாய் அவன் குனிந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நல்ல செவப்பு. அழகா இருக்கு" என்றாள்.

அவனுக்கு மனம் லேசானது. வேண்டியதை வாங்கிக் கொடுத்துச் சந்தோஷமாக வைத்துக்கொள் என்று டாக்டர் சொன்னதில் ஒன்றையாவது செய்துவிட்டோம் என்று நினைத்தான். குளித்து, பழைய சோறு சாப்பிட்டு, தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

ரெங்கம்மாள் கோயிலிலிருந்து வந்தபோது மணி ஒன்பது இருக்கும். விபூதித் தட்டை வைத்த கையோடு பின்கட்டுக்கு வந்து, மூடிய குழியையும் செடியையும் சுற்றிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ஏட்டி வள்ளி, தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அம்பாளுக்குத் தேங்கா ஒடச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள். "நெழல்ல சாஞ்சு உக்காரதெல்லாம் உங்கப்பன் வேல பாத்த பங்களாவோட போச்சு. இது கண்டக்டர் வீடு."

வழக்கமாக இதற்கு ஒன்பது பதில் வரும். அன்று வள்ளித்தாய் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மண்தொட்டிப் புங்கங்கன்று அவள் மடியோடு சாய்ந்திருந்தது. வெளியே வந்த வேரை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அந்தச் செடியில மொட்டு எத்தன இருக்குன்னு பாத்தியளா?"

"எண்ணிப் பாத்துத்தான் சாமிக்குச் சாத்தணுமோ?"

"அதுக்கில்ல. சின்னக் கன்னா வாங்கி வச்சிருந்தா கார்த்திகையில பூக்கும். நல்லாவும் புடிக்கும். உங்க தம்பிக்குக் கார்த்திகை வரைக்கும் பொறுக்கல."

"அவன் என்னைக்குப் பொறுத்தான்? சோறு வடிக்கதுக்குள்ள அடுக்களைய மூணு தடவ எட்டிப் பாக்கவன்லா."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் வள்ளித்தாயின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"டாக்டர் அவுககிட்ட என்னவோ சொல்லிட்டாரு மதினி" என்றாள் வள்ளித்தாய். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவுக வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லல. குழிய மூடிச் சொல்லிட்டாக."

ரெங்கம்மாளுக்கு உடனே மறுத்துப் பேசத்தான் தோன்றியது. நோயாளியிடம் ஊர் உலகம் சொல்கிற வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. அப்போது அவளுக்குக் கடையத்து வீடு நினைவுக்கு வந்தது.

அவள் புருஷனுக்கு வயிற்றில் கட்டி. இனிப் பிழைக்க மாட்டார் என்பது மாமியாருக்குத் தெரியும், கொழுந்தன்மாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். சின்னஞ்சிறுசு, தாங்காது என்று அவளிடம் மட்டும் எல்லாரும் மறைத்தார்கள். அந்த மாதம், ஒரு செம்பு அண்டாவை அவர் தம் தங்கைக்குக் கொடுத்துவிட்டாரென்று கோபித்துக்கொண்டு அவள் அவரோடு பேசாமல் இருந்தாள். அவர் இரண்டு மூன்று தரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் தினமும் கோயிலுக்குப் போவது பூச்சாத்த மட்டுமா என்று யாரும் கேட்டதில்லை.

ரெங்கம்மாள் படியில் வள்ளித்தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது வள்ளி. அவன் எங்கிட்டயும் சொல்லல. ஆனா நீ நெனைக்கது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வள்ளித்தாய் தலையை ஆட்டினாள். அழவில்லை. ஒரு நல்ல வார்த்தை கேட்டவள் போல, மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மலைப்பக்கத்திலிருந்து சாரல் பொடியாக வந்து கிணற்றுக் கல்லை நனைத்துவிட்டுப் போனது.

பிறகு வள்ளித்தாய் தன் கணக்கைச் சொன்னாள். உலகம்மைக்கு இப்போது ஐந்து வயது. இன்னும் ஐந்து வருஷத்தில் பத்தாகிவிடும். அப்போது துணி துவைக்க அவள்தான் அந்தக் கல்லில் வந்து நிற்பாள். பங்குனியில் மற்ற மரமெல்லாம் வறண்டு நிற்கும்போது புங்கை புதுத் தளிர் விட்டு நிழலைத் தரும். தான் அதில் உட்காருவதற்காக ஒரு நாளும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள்தான். இப்போது அந்தப் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மரம்தான் வேண்டியிருக்கிறது.

ரெங்கம்மாள் எழுந்தாள். வெள்ளைச் சேலையைத் தூக்கி இடுப்பில் சொருகினாள். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"அந்தப் பூச்செடிய என்ன செய்யட்டும்?"

"அதையும் விட வேண்டாம். அவுக ஆசையா கொண்டாந்தது. வேரு ஒடையாம மண்ணோட எடுங்க. புங்கை இருந்த தொட்டியில வச்சு, நான் படுக்குத சன்னலுக்கு நேரா வச்சிருவோம்."

காலையில் இறங்கிய செடி, எளிதாக வந்துவிட்டது. குழி அப்படி வரவில்லை. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. நம்பிராஜன் அடிமண்ணையும் மேல்மண்ணையும் கலந்து தள்ளியிருந்தான். வள்ளித்தாய் படியில் இருந்தபடியே, கருத்த மண் அங்கன, செங்கல் நிற மண் இங்கன என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வெட்டுக்கு ஒரு தரம் ரெங்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் அளவு வந்ததும் போதுமா என்றாள். போதாது, நெஞ்சுக்குக் கீழே வர வேண்டும் என்றாள் வள்ளித்தாய். யார் நெஞ்சுக்கு, உன் நெஞ்சுக்கா என் நெஞ்சுக்கா, என் நெஞ்சென்றால் இன்னும் ஒரு சாண் போகணும் என்று ரெங்கம்மாள் சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் வள்ளித்தாய்க்கு இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை ரெங்கம்மாள் குழிக்குள் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு அம்பாள் பேரைச் சொன்னாள்.

குழி தயாரானது. தொட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் கன்று மண்ணோடு கையில் வந்தது. ரெங்கம்மாள் அதைப் படிக்குக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வா, மெதுவா வந்து நட்டுரு. உங் கையால இருக்கட்டும்."

"நீங்க நடுங்க மதினி."

ரெங்கம்மாள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். பதினாறு வருஷமாக அவள் இந்த மண்ணில் ஒரு கீரை விதை போட்டதில்லை. பக்கத்து வீட்டில் அவரை விதை கேட்டால்கூடக் குழந்தையின் கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். தாலி இழந்தவள் நட்டது விளங்காது என்று கடையத்தில் யாரோ சொன்னதை அவள் வேதவாக்காக வைத்திருந்தாள். பூச்செடி வேண்டும் என்று இத்தனை நாளாகச் சண்டை போட்டவள், அதையும் தம்பியை நடச் சொல்லித்தான் கேட்டாள்.

"எங் கை ஆவாதுட்டி. ஒனக்குத் தெரியாததா?"

"நாளைக்கு இதுக்குத் தண்ணி ஊத்தப் போறது இந்தக் கைதான மதினி" என்றாள் வள்ளித்தாய். "இன்னைக்கே பழகட்டும்."

ரெங்கம்மாள் கையில் கன்றை வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் விளையாடிவிட்டு வந்த உலகம்மை, அத்தை முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்குத் தலை நனைந்திருந்தது. ரெங்கம்மாள் அவள் தலையை முந்தானையால் துவட்டினாள். வழக்கமாக அதோடு ஒரு வசவும் கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை.

பிறகு குழியில் இறங்கி, கன்றை நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள். கருத்த மண் முதலில், சிவந்த மண் பிறகு. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கும் கோயிலில் இருக்கிற அம்பாள் உலகம்மனுக்கும் தெரியும்.

தண்ணீர் ஊற்றி முடித்ததும் வள்ளித்தாய் ஒன்றே ஒன்று கேட்டாள். தனக்குத் தெரியும் என்பது தன் புருஷனுக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டார்.

"அப்போ மரம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா?"

"நீங்கதான் என்னமாவது சொல்லணும்."

"அம்பாள் கனவுல வந்து நெழல் கேட்டான்னு சொல்லுதேன்."

"பட்டப் பகல்லயா?"

"பகல்ல தூங்கிட்டேன்னு சொல்லுதேன். அதுவும் பொய்தான். ரெண்டுக்கும் சேத்துக் கோயில்ல தோப்புக்கரணம் போட்டுக்கிடுதேன்" என்றாள் ரெங்கம்மாள்.

புளியறையில் பஸ் திரும்புகிற இடத்தில், செடி கொடுத்த வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்றிருந்தாள். செடி பிடிச்சோ மோனே என்று மலையாளம் கலந்து கேட்டாள். நட்டுவிட்டேன் என்றான் நம்பிராஜன். மொட்டோடு பிடுங்கினால் முதல் மொட்டெல்லாம் உதிர்ந்து போகும், அப்போதே சொன்னேனே, வேர் பிடித்த பிறகுதான் பூவைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். அவளுக்கு விவரம் தெரியாது. சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செங்கோட்டை, இலஞ்சி விலக்கு, தென்காசி என்று வழியெல்லாம் அவன் டிக்கெட் கிழித்தான். ஒவ்வொரு முறை பைக்குள் கை விடும்போதும் அடியில் அந்தக் கடிதத்தின் முனை விரலில் இடித்தது. இன்றைக்கும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டான். நாளைக்கும் சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தான். கால் கழுவப் பின்கட்டுக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் மூடிய இடத்தில் மண் புதிதாகக் கிளறப்பட்டு, வட்டமாகப் பாத்தி கட்டியிருந்தது. நடுவில் புங்கங்கன்று. காற்றில் சாயாமல் இருக்க ஒரு குச்சி. மண்தொட்டியில் இட்லிப்பூச் செடி சன்னலுக்குக் கீழே இருந்தது. மண்ணில் நாலைந்து சிவப்பு மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன.

ரெங்கம்மாள் அடுக்களையிலிருந்து வந்து கனவைச் சொல்லத் தொடங்கினாள். அம்பாள் வந்தாள், வெயிலாக இருக்கிறது என்றாள் என்று பாதி சொல்வதற்குள் உலகம்மை குறுக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, அத்தைதான் நட்டா. குழிக்குள்ள எறங்கி நட்டா."

ரெங்கம்மாள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான். அக்காளின் நகக்கண்ணெல்லாம் செம்மண். பதினாறு வருஷமாக ஒரு விதையைத் தொடாத கை. அந்தக் கையை யார் பிடித்து இந்த மண்ணில் வைத்திருக்க முடியும், என்ன சொல்லி வைத்திருக்க முடியும் என்று அவன் யோசித்தான். அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே சன்னலருகில் தலையணையில் சாய்ந்திருந்த வள்ளித்தாயின் குரல் கேட்டது.

"குழி நல்ல ஆழம்ங்க. மொதல்ல நீங்க தோண்டுனதுலா. வேர் நல்லா எறங்கும்."

அவன் காலைக் கழுவாமலே உள்ளே போனான். பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளிலிருந்த தோல்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா" என்றான். "விளக்க இங்கன கொண்டு வா. வள்ளிக்கு ஒரு கடுதாசி படிச்சுக் காட்டணும்."

ரெங்கம்மாள் விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உலகம்மையின் கையைப் பிடித்து அடுக்களைக்கு அழைத்துப் போனாள். வெளியே சாரல் மறுபடி தொடங்கியிருந்தது.

பையின் வாரை அவிழ்க்க நம்பிராஜனுக்கு வெகு நேரம் பிடித்தது. வள்ளித்தாய் அவசரப்படுத்தவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.